பாயசம் கிண்டியவரும் சீட்டு சொன்னவரும்

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். சீட்டு வித்தைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் எதை நம்புவாள், சொல்லுங்கள்? எந்தச் சீட்டு எந்த விரலிடுக்கில் ஒளிகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மேடையில் சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுப்பதும் நடுநடுவே ஆர்மோனியம் வாசிப்பதும் நான்தானே.

என் வீட்டுக்காரர் பெயர் கந்தசாமி, நோட்டீசில் புரொபசர் கந்தசாமி. வெள்ளைக்காரன் காலத்தில் சேலம், நாமக்கல் பக்கம் கல்யாணம், திருவிழா என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். கைவித்தையில் குறை சொல்ல முடியாது, ஆனால் மனுஷனுக்குச் சமையல் பைத்தியம். வீட்டில் ஒரு துரும்பைத் தூக்கிப் போட மாட்டார், கல்யாண வீட்டு அடுப்பைக் கண்டுவிட்டால் போதும், சட்டையைக் கழற்றிவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொள்வார். பந்தலில் ஜனங்கள் காத்திருப்பார்கள், நான் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி வாசித்துக் கை ஓய்ந்து கிடப்பேன், இவர் ரசத்துக்கு மிளகு பத்தவில்லை என்று சமையல்காரரோடு வழக்காடிக்கொண்டிருப்பார். ஜலகண்டாபுரத்தில் எங்களை விரட்டாத குறை.

அப்புறம் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டுக் கல்யாணம். போனதுமே சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கும் என்னைய மேடையில தனியா உக்கார வெச்சீங்கன்னா, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேனுங்க. அப்பறம் வரவே மாட்டேன்."

சும்மா மிரட்டவில்லை, என் துணிகளைத் தனி மூட்டையாகக் கட்டியே வைத்திருந்தேன். "ஒரு எட்டு பாத்துட்டு வாரேன் புள்ள" என்று பந்தலுக்குப் பின்னால் போனார். அவருடைய ஒரு எட்டு எனக்குத் தெரியாதா?

விளக்கு ஏற்றினார்கள், கூட்டம் உட்கார்ந்தது, ஆளைக் காணோம். நான் மூட்டையோடு எழுந்தேவிட்டேன். அப்போதுதான் கோட்டும் தலைப்பாகையுமாக வந்து நின்றார், சொன்னால் சொன்ன நேரத்துக்கு! எனக்குக் கோபம்தான் வந்தது. முடியும் என்றால் இத்தனை வருஷமாக ஏன் வரவில்லை?

என்னைப் பார்த்து மெதுவாக, "களைப்பா இருக்குதா புள்ள?" என்றார். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மூட்டையைக் கீழே வைத்தேன்.

வழக்கமாகத் தாம் நினைத்த சீட்டையே எதிராளி எடுக்கும்படி நீட்டுவார், அதுதான் வித்தையே. அன்று கட்டைத் தொடவே இல்லை. என்னைக் கலைக்கச் சொன்னார், கூட்டத்தில் இருந்தவர்களை எடுக்கச் சொன்னார், தள்ளி நின்றபடியே ஒவ்வொரு சீட்டையும் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னிடம் சொல்லாமல் புது வித்தை கற்றுக்கொண்டாரே என்று வயிறெரிந்தது. நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்டார், நான் செம்போடு சமையல் பக்கம் போனேன்.

அங்கே அடுப்படியில், வெற்றுடம்போடு, வேர்க்க விறுவிறுக்கப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

சத்தியமாகச் சொல்கிறேன். பந்தலிலிருந்து "ஆட்டின் ராணி!" என்று சீட்டுச் சொல்லும் அவர் குரல் கேட்கிறது, கை தட்டுகிறார்கள். இங்கே அவரே அசடு வழிய, "வெல்லம் இப்பத்தான் போட்டேன் புள்ள, இதா வந்தர்றேன்" என்கிறார். அவருடைய ஒரே கோட்டு பின்னால் மூங்கிலில் தொங்குகிறது. சமையல்காரர் வேறு, "ஏனுங்கம்மிணி, இவரக் கூட்டீட்டுப் போங்க. பொழுது உழுவறதுக்கு முன்னாலருந்து கரண்டிய உட மாட்டேங்கறாரு" என்று அழாத குறை.

செம்பைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடினேன். மேடையில் யாரும் இல்லை. சீட்டுக்கட்டு அழகாக அடுக்கி வைத்திருந்தது. பெண்ணின் தகப்பனார், "தண்ணி கேட்டுட்டு எங்கீங்க போயிட்டாரு புரொபசரு? இந்த மாதிரி வித்தைய நாங் கண்டதே இல்லீங்க" என்றார்.

இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். நானே எப்படியோ சமாளித்துவிட்டுத் தம்மைக் கேலி செய்கிறேனாம். உடனே அந்தப் பாயசத்துக்கு ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று ஆரம்பித்துவிடுவார். இந்த மனுஷனோடு என்ன பேசுவது?

வந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று பந்தலுக்கு ஓடும்போது எனக்குப் பயத்தைவிட, மேடையில் நின்றவர் போய்விடக் கூடாதே என்ற தவிப்புதான் அதிகம். அண்ணன் வீட்டுக்குப் போகாமல் நான் இவரோடு குடித்தனம் செய்வதே அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியால்தான். இவர் அதை இன்னும் கேட்கவில்லை.