பாவா காட்டிய சிவப்பு

நான் பாவா என்று கூப்பிடும் என் அக்காள் கணவரும் நானும் ஒரே வாரத்தில் புதுப் போன் வாங்கினோம். அவருடையது ஒரு கம்பெனி, என்னுடையது அதற்கு நேர் போட்டிக் கம்பெனி. அன்றிலிருந்து சந்திக்கும்போதெல்லாம் இரண்டையும் அருகருகே வைத்து ஒரே படத்தைத் திறந்து, யாருடைய திரை நல்ல திரை என்று வழக்காடுவோம். திருத்தணி மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கும்போதுகூடப் படியில் உட்கார்ந்து கோபுரத்தைப் படமெடுத்து ஒப்பிட்டோம்.

"உன்னுதுல கோபுரம் காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி கீதும்மா" என்றார் பாவா.

அவருடையதில் வானம் சொட்டுநீலம் போட்டு அலசியதுபோல இருந்தது. சொன்னேன். பொறாமை என்றார்.

அக்காவுக்குத் திருத்தணி கடைத்தெருவில் லுங்கிக் கடை. பொதட்டூர்பேட்டைத் தறிகளிலிருந்து ஒருநாள் செங்கல் நிறத்தில் புதுக் கட்டம் போட்ட லுங்கி வந்திறங்கியது. இருவரும் படமெடுத்தோம். என் திரையில் அது செங்கல்லாகவே இருந்தது. பாவாவின் திரையில் குங்குமமாக ஜொலித்தது. அடுத்த நாள் நகரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அங்கிருந்த துணிக்கடைக்காரரிடம் தன் போனிலேயே அதைக் காட்டி, ஐம்பது லுங்கிக்கு ஆர்டரோடு திரும்பினார். இரண்டு நாள் அவர் நடையே வேறு.

மூட்டை போய்ச் சேர்ந்த மறுநாள் கடைக்காரர் அதே மூட்டையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கோபப்படவில்லை. தான் பார்த்த சிவப்பு இதில் ஒன்றிலும் இல்லை என்று மட்டும் சொன்னார். பாவா உடனே போனை எடுத்து லுங்கியின் பக்கத்தில் பிடித்து, இதுதான் அது என்று விளக்கினார். கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ போன்ல கீறதையே குடுத்துடுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா என் போனைப் பிடுங்கி, அதிலிருந்த ஊதா லுங்கியின் படத்தையும் அலமாரியில் இருந்த அசலையும் எனக்கே காட்டினாள். என் திரையில் அது சாம்பலாகக் கிடந்தது.

"நீ வாயத் தொறக்காத" என்றாள்.

பிறகு அவளே கடைக்காரரை வாசல் வெயிலுக்கு அழைத்துப்போய் உண்மையான சிவப்புகளை விரித்துக் காட்டினாள். அவர் அதில் முப்பதும், என்ன தோன்றியதோ, செங்கல்லில் இருபதும் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அக்கா வெளியூருக்கு மாதிரியாகத் துணியிலேயே ஒரு துண்டு வெட்டித்தான் அனுப்புகிறாள்.

அன்று சாயங்காலம் பாவாவின் போனைத் துழாவியபோது, நிறத்தைத் தூக்கிக் காட்டும் ஓர் அமைப்பு அதில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை அணைத்துக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் தன் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"மூஞ்சி கழுவாத மாதிரி கீறோம். பழையபடியே வெச்சிடும்மா."

வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் போனிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. பாவாவிடம் இன்னும் சொல்லவில்லை.