டிசம்பரில் நீளும் விசில்

என் அக்காவுக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'காது'. எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தாலும் ஒன்றுதான் அடித்தது என்று சாதிக்கிறவள் அவள். ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் வானத்தில் நடக்கிற எதுவும் அவளிடமிருந்து தப்பாது.

அவள் வேலை இதுதான். பூமியின் மறுபாதியில் எங்கோ ஒரு மின்னல் வெட்டும். அதிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறி, வளைந்து, எங்கள் பக்கம் வந்து இறங்கும். பூமியைச் சுற்றி அவ்வளவு உயரத்திலும் மின்னேற்றம் பெற்ற ஒரு மெல்லிய வாயு இருக்கிறது, பிளாஸ்மா என்பார்கள். அதற்குள் புகுந்து வருவதால் மின்னலின் 'டிக்' என்ற சத்தம், மேல் சுருதியிலிருந்து கீழ்ச் சுருதிக்கு இறங்கும் ஒரு விசிலாக இழுபட்டுவிடும். பிளாஸ்மா அடர்த்தியாக இருந்தால் விசில் நீளும், மெலிந்திருந்தால் சட்டென்று முடியும். டேப்பில் பதிவானதை ஓடவிட்டு, விசில்களைப் பொறுக்கி அளந்து, மேலே எவ்வளவு அடர்த்தி என்று அக்கா சொல்வாள். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் இதையே செய்துகொண்டிருந்தாள். மின்னலுக்கு வாக்கப்பட்டவள் என்று நான் கிண்டல் செய்தால், "அது உன் வீட்டுக்காரர் மாதிரி குறட்டை விடாதுடி" என்பாள்.

வேலையில் சேர்ந்த முதல் டிசம்பரில் எல்லா விசில்களும் இழுத்துக்கொண்டே போயின. குளிரில் ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் விறைத்துப்போய் மெதுவாக ஓடுகிறது என்றார் மெக்கானிக். வேகத்தைக் கூட்டும் திருகைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்து காட்டினார். அப்புறம் பெல்ட்டை மாற்றினார்கள், ரெக்கார்டரையே மாற்றினார்கள், திருகுவது மட்டும் மாறவில்லை. டிசம்பரில் விசில் நீள ஆரம்பித்ததும், நாமெல்லாம் ஸ்வெட்டரைத் தேடுகிற மாதிரி, அக்கா ஸ்க்ரூடிரைவரைத் தேடுவாள். எவ்வளவு திருப்பினாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை; காது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பூமியின் வேறொரு பக்கத்து நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆய்வாளர், தன் அளவுகளையும் அக்காவின் அளவுகளையும் சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜூனானாலும் டிசம்பரானாலும், எந்தப் பக்கம் பார்த்தாலும், பிளாஸ்மாவின் அடர்த்தி ஒன்றுபோலவே இருக்கிறது என்று அதில் முடிவு. அக்காவின் பெயரும் அச்சாகியிருந்தது.  வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தது நான்தான்.

போன கோடையில் ரெக்கார்டர்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதில் பெல்ட்டும் கிடையாது, திருகும் கிடையாது.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேயறைந்த மாதிரி இருந்தது முகம். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"விசில் நீளுதுடி."

"குளிர்ல அப்படித்தான் நீளும்னு சொல்லுவியே."

"கம்ப்யூட்டருக்கு ஏதுடி குளிரு?" என்றாள். "மெஷின் எப்பவும் சரியாத்தான் ஓடியிருக்கு. டிசம்பர்ல நிஜமாவே மேல அடர்த்தி கூடுது. அதை நான் வருஷா வருஷம் திருகித் திருகிக் குறைச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஆயுசு முழுக்கச் செய்த வேலையில் பாதி பொய் என்பதை, கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. அதிகாரியிடமும் சொல்லியிருக்கிறாள். "மார்ச்ல ரிடையர் ஆகப்போறீங்க. யாருக்குத் தெரியப்போகுது, விடுங்கம்மா" என்றாராம். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது, சொல்லியும் பார்த்தேன். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆய்வாளருக்கு அவளே ஃபோன் செய்தாள். நான் ஃபோனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அக்கா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது.

"மேடம், பூமிக்குள்ள இருக்கிற காந்தம் நட்டநடுவுல நேரா இல்ல. கொஞ்சம் சாஞ்சு, ஒதுங்கி இருக்கு. அதனால பிளாஸ்மா ஒவ்வொரு தீர்க்கரேகையிலயும் ஒவ்வொரு விதமா இருக்கணும். எங்க பக்கம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் பெருசா வித்தியாசமில்ல. உங்க பக்கம் டிசம்பர்ல நல்லா கூடும்னு நான் முதல்ல எழுதியே வச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"உங்க அளவு வந்துச்சு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சரியான பதிலை ஒருத்தி கையில் வைத்திருந்திருக்கிறாள், என் அக்காவை நம்பி அதைத் தூக்கி எறிந்திருக்கிறாள். 

"பழைய டேப் இருக்குமில்ல மேடம்? மறுபடி ஓட்டிப் பாத்துடலாம்."

"இல்லம்மா. அளந்து முடிச்சதும் அழிச்சிட்டு அதுலயே திரும்பப் பதிவு பண்ணுவோம். எங்க வழக்கமே அப்படித்தான்."

ஃபோனில் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரலில் ஒரு தெம்பு வந்தது. "சரி, அதனால பரவாயில்ல. ஒவ்வொரு டிசம்பரும் திருகை எவ்வளவு திருப்பினீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கணக்கைத் திரும்பக் கூட்டினா நிஜ டிசம்பர் கிடைச்சிடும். உங்க வேலை எதுவும் வீணாகாது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்காவுக்கு உயிர் திரும்பிவிடும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேஜைமேல் தானாகச் சுழன்று, நின்று, மறுபடி சுழன்றன.

"மேடம்? எவ்வளவு திருப்பினீங்க?"

"ஜூன் மாதிரி கேக்குற வரைக்கும்மா" என்றாள் அக்கா.