என் பிக்கப்புக்கு டியூன் வேண்டுமாம்!

பிக்கப் ஓட்டிப் பிழைப்பவருக்கு லோடு கிடைக்காத நாள் உண்டு, டீசல் போட வழியில்லாத நாள் உண்டு. ஓசி அறிவுரை கிடைக்காத நாள் மட்டும் கிடையவே கிடையாது.

ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பதில் சொல்லும் சகோதரர்களே, எங்கேயாவது இருக்கும் இரண்டொரு சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். என் பெயர் தேவகி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் போவதற்குக்கூட ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய வேலை அது. ஒருநாள் எழுந்து வந்துவிட்டேன். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, பேரணாம்பட்டில் ஒரு டேனரிக்குத் தோல் லோடு ஓட்ட ஆரம்பித்தேன். இனி எந்த சூப்பர்வைசரையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன். டேனரியிலும் ஒரு சூப்பர்வைசர் இருப்பார் என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

மூச்சு வாங்கும் மலை

பதப்படுத்தும் டிரம்மில் குரோம் உப்பு ஏறி நீல நிறத்தில் வெளியே வரும் ஈரத்தோலுக்கு வெட்புளூ என்று பெயர். அதை ஏற்றிக்கொண்டு, வி.கோட்டா மலைப்பாதையில் ஏறி, கோலார் பக்கம் இருக்கும் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் இறக்க வேண்டும். சாயங்காலம் அவர்கள் கேட்டை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இதுதான் என் நடை. ஆரம்பத்தில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. இந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததிலிருந்து வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. கொண்டை ஊசி வளைவு வந்தால் இரண்டாவது கியரும் போதாமல் முதல் கியருக்கு வந்து நின்று முனகும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டுவார்.

இரண்டு தடவை கேட் மூடிவிட்டது. வண்டியிலேயே படுத்து, மறுநாள் காலையில் இறக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை லோடு ஏற்றப் போனபோது டேனரி சூப்பர்வைசர் முரளி சார் என் வண்டியைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த நடை போனால் எனக்கு வேறு நிலையான நடை கிடையாது. வண்டியை விற்றுவிட்டு மறுபடி அந்தத் தையல் பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தேவகி, வேலு வண்டிக்கு டியூன் போட்டுக்கினான், பறக்குறான். நீயும் இந்த வாரத்துக்குள்ள போட்டுடு. இல்லன்னா உன் நடையும் அவனுக்குத்தான்."

டீக்கடை டாக்டர்கள்

வண்டி நிறுத்தத்து டீக்கடையில் என் பிக்கப்பின் வியாதி ஒரே நாளில் பிரபலமாகிவிட்டது. ஒருத்தர் ஏர் ஃபில்டரைக் கழற்றி வீசு என்றார். ஒருத்தர் டீசலில் ஊற்றுவதற்கு ஒரு மருந்து சொன்னார். வண்டியே இல்லாத ஒருத்தர் இன்ஜினையே மாற்றச் சொன்னார். அதே டேனரிக்கு ஓட்டுகிற வேலுவும் இருந்தான். நல்ல பையன்தான், ஆனால் டியூன் போட்ட நாளிலிருந்து அவன் நடக்கிற தோரணையே மாறிவிட்டது.

இத்தனை பேர் வண்டியைப் பற்றிப் பேசினார்களே, ஒருத்தராவது 'என்ன லோடு ஏற்றுகிறாய்' என்று கேட்டாரா? இல்லை. பொம்பளை ஓட்டுகிற வண்டி மலை ஏறவில்லை என்றால் காரணம் எங்கே இருக்கும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரியவர் தீர்ப்பு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வண்டிக்கு ஒரு டியூனு, உனக்கு ஒரு டிரைவரு. ரெண்டும் போட்டா எல்லாம் செட்டாய்டும்."

லேப்டாப் வைத்தியம்

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தோடேயே காட்பாடிப் பக்கம் டியூன் போடும் இம்ரான் கடைக்குப் போனேன். ஸ்பானர் எதுவும் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி, லேப்டாப்பில் இன்ஜினின் கணக்கையே மாற்றி எழுதிவிடுவாராம். டீசல் கொஞ்சம் ஜாஸ்தி போகும், டர்போ கொஞ்சம் ஜாஸ்தி ஊதும், இழுவை கூடும். "கம்பெனிக்காரன் இன்ஜினை முழுசா தொறந்து வுடலக்கா. மீதிய நாம தொறக்குறோம்" என்றார்.

"அவன் ஏன் தொறக்கல?" என்று கேட்டேன். "அவனுக்கு பயம்கா." "எதுக்கு பயம்?" "அது கம்பெனியப் பொறுத்துக்கா." "சரி, இழுவை ஜாஸ்தி ஆனா கிளட்சு தாங்குமா?" "அது ஓட்டுறதப் பொறுத்துக்கா." "கியர் பாக்ஸ்?" "அது ரோட்டப் பொறுத்து." "டர்போ போச்சுன்னா?" "அது விதியப் பொறுத்துக்கா." ஏமாற்றுகிற ஆள் என்று சொல்ல மாட்டேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தையல் பெஞ்ச் கண்ணுக்குள்ளேயே நின்றது. இம்ரான் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்.

"இவ்ளோ கேள்வி கேட்டவங்க யாரும் திரும்பி வந்ததில்லக்கா."

பாபு பாயின் ஸ்டெதஸ்கோப்

ஞாயிறு வருவதற்குள் எங்கள் மெக்கானிக் பாபு பாயிடம் வண்டியைக் காட்டினேன். அவர் நீளமான ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பவர். ஃபில்டர் பார்த்தார், இன்ஜெக்டர் பார்த்தார், எல்லாம் சரி என்றார். நான் விடவில்லை. ஷூ அட்டைப்பெட்டி லோடு ஒன்று வந்தது, அதை ஏற்றிக்கொண்டு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே மலையில் ஏறினேன். வண்டி மூன்றாவது கியரில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு போனது.

எனக்குச் சந்தோஷமாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. வியாதிக்காரன் டாக்டரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்த கதையாக இருந்தது. "தோல் ஏத்துனா மட்டும் இன்னா பாய் ஆவுது இதுக்கு? அதே பீஸ்தான் எப்பவும் ஏத்துறேன்" என்று அவரையே பிடித்துக்கொண்டேன். அவருக்கும் பேஜாராகிவிட்டது.

"இன்ஜின் நல்லாத்தாம்மா மூச்சு வுடுது. இதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்ற, கையப் புடிச்சி ஏத்தி வுடவா?"

பறந்தவன்

வெள்ளிக்கிழமை எனக்கும் வேலுவுக்கும் ஒரே டேனரியில் லோடு. அடிவாரத்தில் அவன் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். கரும்புகை என் கண்ணாடியை மூடியது. போய்த் தொலை என்று விட்டுவிட்டு முதல் கியரில் ஊர்ந்தேன். பாதி மலை ஏறியபோது ஒரு கருகல் வாசனை. அடுத்த வளைவில் வேலு நின்றுகொண்டிருந்தான். வண்டிக்கு அடியில் புகை.

சிரித்திருப்பேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, அதுவும் என்னை மாதிரி ஒற்றை வண்டிக்காரன் முகம்தானே. வண்டியை ஓரம் கட்டி, என் முட்டுக்கட்டையை எடுத்து அவன் டயருக்குக் கீழே வைத்தேன். அவன் புகையைக் கையால் விசிறிக்கொண்டே சொன்னான்.

"டியூன்ல ஒரு கொறையும் இல்லக்கா. கிளட்சுதான் கோச்சிக்கிச்சு."

வெள்ளைச் சட்டைக்காரர்

அதே நாள், மலை உச்சியில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். பின்னாலேயே ஒரு பைக் வந்து நின்றது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர் போலிருக்கிறது, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மடியில் தாம்பூலப் பை. சட்டை முழுக்க ஊதா நீலத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. வேலு நின்ற வளைவிலிருந்து என் பின்னாலேயே வந்தாராம், முந்துவதற்கு வழி கிடைக்கவில்லையாம்.

அவரோடு போய் என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தார்ப்பாய்க்குக் கீழே, பின் கதவின் இடுக்கு முழுக்க நீலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் ரோட்டில் ஈரக்கோடு. அவர் திட்டியதில் மற்றதெல்லாம் எழுதக்கூடாதது. ஒன்று மட்டும் என் காதிலேயே நின்றுவிட்டது.

"இன்னாமா, தோல ஏத்திக்கினு போறியா, தண்ணித் தொட்டிய ஏத்திக்கினு போறியா?"

எடை மேடை

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் தோலை எண்ணுவோம். ஏற்றும்போது பீஸ் கணக்கு, இறக்கும்போது பீஸ் கணக்கு, கடைசியில் விற்கும்போது சதுர அடிக் கணக்கு. எங்கள் நடையில் எந்த இடத்திலும் கிலோக் கணக்கு வராது. எனக்கும் அதே புத்திதான். ஷூவை ஜோடி ஜோடியாக எண்ணியவள் தோலைப் பீஸ் பீஸாக எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை, அதனால் லோடும் மாறவில்லை என்று நம்பினேன்.

சனிக்கிழமை லோடு ஏற்றியதும் மலைக்குப் போகவில்லை. நெல் லாரியும் புளி லாரியும் எடை போடும் மேடைக்கு வண்டியை விட்டேன். வெறும் வண்டியின் எடை எனக்குத் தெரியும், கழித்துப் பார்த்தேன். வண்டி சுமக்க வேண்டியதைவிட அரை டன்னுக்கு மேல் கூடுதல். அதே பீஸ்தான், மிச்சமெல்லாம் தண்ணீர்! டிரம்மிலிருந்து எடுத்த தோலை மரத்தாங்கியில் அடுக்கி ஒரு நாள் நீர் வடிய விடுவார்கள், அல்லது மிஷினில் கொடுத்துப் பிழிவார்கள். ஆர்டர் அவசரம் என்று இந்த வருஷம் இரண்டையும் விட்டுவிட்டு அப்படியே என் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை நாள் என் வண்டியைத் திட்டினேனே என்று அழுகை வந்தது. அடுத்த நொடி வந்த கோபத்தில் அழுகை காய்ந்துவிட்டது. மேடைக்காரர் அறைக்குள்ளிருந்து கத்தினார்.

"வண்டிய சீக்கிரம் எறக்கிடும்மா, பாக்குற எனக்கே மூச்சு வாங்குது!"

கேட்டுக்குக் குறுக்கே

மலைப் பக்கம் திருப்ப வேண்டிய ஸ்டீயரிங்கை டேனரிப் பக்கம் திருப்பினேன். போய், வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். முரளி சார் ஓடி வந்தார். "பீஸ் கரெக்டா இருக்குல்ல, உனக்கு இன்னா பிரச்சனை?" என்றார். "பீஸ் கரெக்டா இருக்கு சார். அரை டன் தண்ணி ஜாஸ்தியா இருக்கு. எறக்குங்க. வடிஞ்சப்புறம் ஏத்துறேன்" என்றேன். நடை போய்விடும் என்றார். "போவட்டும்" என்றேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். என்ன தகராறு என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் பின் கதவின் கொக்கியைத் தட்டிவிட்டேன். தேங்கியிருந்த தண்ணீர் மடமடவென்று கொட்டி அவர் செருப்பு வரைக்கும் ஓடியது. லோடு ஏற்றும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவர் காதர் பாய், ஈரத்தில் ஊறிய முதுகைக் காட்டி, "இந்தத் தண்ணிய ஏத்துறது நாங்கதான் முதலாளி" என்றார்.

முரளி சார் அசரவில்லை. இவள் இல்லாவிட்டால் ஆளா இல்லை என்று வேலுவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தண்ணீர் வடியாமல் நான் ஏற்ற மாட்டேனாம், இனி என் நடை முழுக்க வேலுவுக்குத்தான் என்று அவர் சொல்லி முடித்தார். அப்புறம் வேலு பேசினான்.

"நடை அக்காவுதாவே இருக்கட்டும் சார். எனக்கும் தோலப் பிழிஞ்சி வெச்சிட்டுக் கூப்புடுங்க."

மூன்றாவது கியரில்

முதலாளி இறக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார், லோடை இறக்கினார்கள், தாங்கியில் அடுக்கினார்கள். ஒரு நாள் நடை எனக்கு நஷ்டம்தான், போனால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை இம்ரான் கடைக்குப் போகவில்லை, வீட்டில் காலை நீட்டித் தூங்கினேன். திங்கட்கிழமை அதே பீஸ், அதே மலை, அதே பழைய இன்ஜின். வளைவுகளில் மூன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறி வண்டி சிணுங்காமல் ஏறியது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

வெயில் இறங்குவதற்குள் ஃபினிஷிங் யூனிட் கேட்டில் நின்றேன். என்னை இரண்டு தடவை வெளியே படுக்க வைத்த வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். நான் எதுவும் சொல்வதற்குள் அவரே வண்டியின் முன்பக்கத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தியா, டியூன் போட்டாதான்மா வண்டி!"

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: வண்டி மலை ஏறவில்லை என்றால், இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் தார்ப்பாயைத் திறந்து பாருங்கள்.