ஐஸ் வைக்காத ரத்தம்

என் அப்பா ஐஸ் மீனைத் தொடமாட்டார். மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் கரையேறும் மீனை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்பவர். ஐஸ் வைத்தாலே பழைய மீன் என்று அர்த்தம், வாங்க வருகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவாள் என்பார். அந்த வறட்டு கௌரவத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் அவருக்குப் புற்றுநோய் வந்தது. ஆம்பளைகளுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பியில். எலும்புக்கும் போயிருந்தது. செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்ட நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்கிறதா என்று ரத்தம்தான் சொல்லும் என்றார். அந்தச் சுரப்பியிலிருந்து ஆசிட் பாஸ்படேஸ் என்று ஒன்று ரத்தத்தில் கசியுமாம். நோய் அடங்கினால் அதன் அளவு இறங்குமாம். இறங்காவிட்டால் ஆபரேஷன் செய்து விதைகளை எடுத்துவிட வேண்டும் என்று பட்டென்று சொன்னார். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

அந்தச் சோதனை அப்போது மெட்ராஸில்தான். இங்கே ரத்தம் எடுத்து, குழாயை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொடுப்பார்கள். அப்பாவே ரயிலேறிப் போய் லேபில் கொடுத்துவிட்டு வருவார். என்னைக் கூட வரவிடமாட்டார்.

அளவு இறங்கியது. அடுத்த முறை இன்னும் இறங்கியது. மாத்திரையால் அவருக்கு மார்பு வீங்கி, சட்டையே போடாத மனுஷர் கொளுத்தும் வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். மார்க்கெட்டில் கேலி வேறு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அளவு இறங்கியிருக்கிறது என்று சொன்னால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும். ஆனால் முதுகுவலி மட்டும் கூடிக்கொண்டே போனது. கூடை தூக்குகிற இடுப்பு, அப்படித்தான் இருக்கும் என்றார். டாக்டரும் ரத்தத்தைத்தான் நம்பினார். நான் யாரைப் போய்க் கேட்பது?

கால் மரத்துப்போன பிறகுதான் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே ரத்தம் எடுத்து அங்கேயே பார்த்தார்கள். அளவு எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. இத்தனை நாள் இறங்கியது எப்படி என்று அங்கிருந்த டாக்டர் என்னைக் குடைந்தார். நான் அப்பாவைக் குடைந்தேன். அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"ஐஸெல்லாம் ஸ்டேஷன்லயே கொட்டிடுவேன். மடியில வெச்சிகினு போவேன். உசிரோட கீறவன் ரத்தத்துக்கு எதுக்கும்மா ஐஸு?"

எடுத்து வைத்த ரத்தத்தில் அந்த ஆசிட் பாஸ்படேஸ் சூட்டில் அழிந்துவிடுமாம், வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக. டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் குழாயில் அழிந்துபோனதைத்தான் நாங்கள் குணம் என்று கொண்டாடியிருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்பாவை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். கட்டிலில் துண்டை மார்போடு இழுத்துப் பிடித்தபடி, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் என்ன கேட்பது? வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

ஆபரேஷனுக்கு அவராகவே சம்மதித்தார். செய்தார்கள். கொஞ்ச நாள் வலி விட்டிருந்தது. ரத்தத்தில் அளவும் இறங்கியது, நிஜமாகவே. பிறகு மறுபடி ஏற ஆரம்பித்தது. ஒரு காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, இனிமேல் ரத்தம் எடுத்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்.

உள்ளே வந்தபோது, ரத்தம் எடுக்கும் நர்ஸ் அப்பாவின் கட்டிலைத் தாண்டி அடுத்தவரிடம் போயிருந்தார். அப்பா கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, என்னிய வுட்டுட்டுப் போவுது? கூப்புடு. எவ்ளோ ஓணுமோ எடுத்துக்கச் சொல்லு."

அந்தக் கையை மெதுவாக மடக்கப் பார்த்தேன். அவர் மடக்க விடவில்லை.