துய் ஹோவா சாலையில் கேட்ட குரல்

பேய், ஆவி, குறி கேட்பது, இதிலெல்லாம் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள் நான். போர் போடுவதற்கு முன்னால் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்களைக் கண்டாலே சிரிப்பேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் வருத்தப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் தம்பி சசி ஜேடர்பாளையத்தில் காவிரி ஆற்றோடு போனவன். தடுப்பணைக்குக் கீழே நண்பர்களோடு குளிக்க இறங்கியிருக்கிறான், மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட நேரம், மற்றவர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள், இவன் ஏறவில்லை. பரிசல்காரர்கள் மோகனூர் வரைக்கும் போய்த் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காததால் அம்மா அவன் செத்ததையே ஒப்புக்கொள்ளவில்லை. மாமா ஒருநாள் கருமாதிப் பேச்சை எடுத்தபோது, "ஒடம்பக் காட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்று சொன்னாள், அவ்வளவுதான். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் வெளியூர் போக மாட்டாள், வீடு பூட்டிக் கிடக்கும்போது அவன் வந்து நின்றால் என்ன செய்வது என்பாள். தினமும் ராத்திரி அவன் பங்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைப்பாள், விடிந்ததும் அதை எருமைக்குக் கொட்டுவாள். ஒரு சொட்டுக்கூட அழுததில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் பயமாக இருந்தது.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. அப்போதுதான் என்னோடு கல்லூரியில் படித்த ரேவதி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவள், வியட்நாம் போகலாம் வா என்று பிடித்துக்கொண்டாள். முதுகில் ஒரு பை, வாடகைக்கு ஒரு பைக், கடலை ஒட்டியே ஊர் ஊராகத் தெற்கே இறங்க வேண்டியது, எங்கே பிடிக்கிறதோ அங்கே தங்க வேண்டியது. தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது, நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். அம்மாதான், "போய்ட்டு வா சாமி, ஊட்டுல ரெண்டு பேரும் மொகத்த மொகத்தப் பாத்துட்டு உக்கோந்திருந்து என்னத்தப் பண்றது" என்று அனுப்பி வைத்தாள்.

டா நாங்கில் பைக் எடுத்தோம். ரேவதி ஓட்டுவாள், நான் ரெண்டு பைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஹோய் ஆன், குவி நியோன் என்று ஒவ்வொரு கடற்கரை ஊராகக் கடந்தோம். அழகான ஊர்கள்தான், பொய் சொல்லக் கூடாது. விடியற்காலையிலேயே ஊரே கடலில் இறங்கி நீந்துகிறது, கிழவிகள்கூட. ஆனால் அங்கே மீனவர்கள் ஒரு படகு வைத்திருக்கிறார்கள், மூங்கிலில் பின்னி வட்டமாக, அப்படியே நம் காவிரிப் பரிசல்தான். மணலெல்லாம் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். முதல் தடவை பார்த்ததும் வண்டியை நிறுத்தாமல் போகச் சொன்னேன். சசியை இதே மாதிரிப் பரிசலில்தானே தேடினார்கள். அதற்கப்புறம் கடற்கரைப் பக்கம் வந்தாலே நான் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

துய் ஹோவா என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. மத்தியான வேளைதான், இருட்டெல்லாம் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலையோரம் ஒரு காபிக் கடையில் ஒதுங்கினோம். அந்த ஊர்க் கடைகளில் நாற்காலிக்குப் பதில் தூளி மாதிரி வலையூஞ்சல் கட்டியிருப்பார்கள், லாரிக்காரர்கள் படுத்து இளைப்பாறுவார்கள். அன்றைக்கு எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைக்கார அம்மா ஐஸ் போட்ட காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் தலைக்கு மேலே கூண்டில் ஒரு மலை மைனா. நம் ஊர் மைனா மாதிரி இல்லை, கன்னங்கரேலென்று இருந்தது, கழுத்தில் மட்டும் மஞ்சளாகத் தோல் தொங்கியது.

நான் ஊஞ்சலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், தலைக்கு மேலிருந்து என் தம்பி பேசினான்.

"அக்கா, சோறு எடுத்து வெக்க வேண்டாமுன்னு சொல்லீரு."

கண்ணைத் திறந்தேன். மைனா கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அலகைத் திறந்து இன்னொரு தடவையும் அதையே சொன்னது.

சசி முட்டை லோடு ஓட்டிக்கொண்டிருந்தவன். கேரளா போய்விட்டுத் திரும்பும்போது நேரமாகிவிட்டால் வழியிலேயே சாப்பிட்டுக்கொள்வான். அம்மா போனை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள் என்பதால் எனக்குத்தான் கூப்பிடுவான். நலமா, என்ன செய்கிறாய், ஒன்றும் கேட்க மாட்டான். இந்த ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டு வைத்துவிடுவான். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. அந்த 'சொல்லீரு'வை இழுக்கிற இழுப்புகூட அவனுடையதுதான்.

ரேவதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "சோறுன்னு சொல்லுச்சுடி. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். கடைக்கார அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம், கையைத் தட்டுகிறாள், கூண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சுகிறாள். ரேவதி போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுக் கேட்டாள். புயலடித்த ஒரு நாள் நனைந்து வந்து விழுந்த பறவையாம், எவ்வளவோ பழக்கிப் பார்த்தும் வாயே திறக்கவில்லையாம், இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசுகிறதாம். இந்தியாக்காரர்கள் யாராவது இங்கே தங்கினார்களா என்று கேட்டோம். நீங்கள்தான் முதலில் வந்தவர்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

மழை விட்ட பிறகும் நான் கிளம்பவில்லை. கூண்டுக்குக் கீழேயே உட்கார்ந்து அதோடு பேசினேன். "சசி, எங்கடா இருக்கற" என்று கேட்டேன். எப்போது வருவாய் என்று கேட்டேன். அது பப்பாளித் துண்டைத் தின்றது, அலகைக் கம்பியில் தேய்த்தது, சிறகைக் கோதியது. மறுநாளும் போய்ப் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம்கூட இல்லை. கடைசியில் ரேவதிதான் என்னைத் தூக்கி பைக்கில் உட்கார வைத்தாள். அன்றைக்குத்தான் நான் கடலைத் திரும்பிப் பார்த்தேன், பரிசல்களையும் பார்த்தேன். அழுகை நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பினால் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. வந்துவிடுவான் என்ற ஒரு நினைப்பில்தான் அவள் உயிரோடு இருக்கிறாள், அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன மிச்சம்? ஒரு வாரம் பொறுத்தேன். ஒருநாள் ராத்திரி அடுப்படியில் அவள் சசியின் தட்டைக் கழுவி எடுக்கும்போது என்னால் முடியவில்லை. கடை, மழை, மைனா, அது சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா கையிலிருந்த தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். துடைத்தாள். மறுபடியும் அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ரெண்டு வருஷத்து அழுகையையும் அழுதாள். விடிந்ததும் மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள்.

ஜேடர்பாளையம் ஆற்றங்கரையிலேயே கருமாதி செய்தோம். அவன் போட்டோவை வைத்துத்தான் செய்தோம். அம்மா கடைசிவரை நின்றாள்.

திரும்பி வரும்போது காரில் நானும் அம்மாவும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். வண்டி பரமத்தியைத் தாண்டியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அவனுக்குச் சளி புடிச்சிருந்துச்சா கண்ணு?"

மைனா பேசியது மூக்கடைத்துக்கொண்ட குரலில்தான். ரொம்ப நேரம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு வெளியே வந்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, ரேவதியிடமும் சொல்லவில்லை, இந்த நிமிஷம் வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எனக்கும் அப்புடித்தாங் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் அதை எங்கே கேட்டாள், எப்போது கேட்டாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.