ஏலம் போகாத தோல்

மணியடிக்கிற வேலையில் நல்ல பேர் என்பதே கிடையாது. அடித்தால் யாருக்கும் காதில் விழாது, அடிக்காவிட்டால் ஊரே சண்டைக்கு வரும். ஆம்பூரில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் எனக்கு அதுதான் வேலை. பெருக்குவது, பாய் விரிப்பது, விளக்கேற்றுவது எல்லாம் அதற்குள் அடக்கம். உங்களில் யாராவது கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவர்கள் இருந்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

காய்ச்சலில் கிடந்த நாள்

எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள். வீட்டில் கடிகாரம் கிடையாது. விடியற்காலையில் நான் அடிக்கிற மணிதான் அவர்களை எழுப்பும். ஒருநாள் காய்ச்சலில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தெருவே நன்றாகத் தூங்கிவிட்டது. ஷாப்பு மேஸ்திரி மட்டும் தோல்களோடு தோலாகத் தனியே நின்றிருக்கிறார்.

வெயில் ஏறியதும் நேரே என் வீட்டுக்கு வந்தார். நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன். உடம்புக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்க சாமி பொறுத்துக்குவாருப்பா. எங்க மொதலாளி சாயபு பொறுப்பாரா?" என்றார்.

விளக்குக் கண்ணாடி

பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கோயிலில் ஏதாவது ஊழியம் செய்ய வேண்டும் என்று யார் போய் நின்றாலும், "தாவீதைப் போய்ப் பார்" என்று என்னிடம் தள்ளிவிடுவார். அப்படி வந்தவர்தான் மாசிலாமணி. ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர். அவர் மனைவி ரூத்தம்மாள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பொருத்தனை செய்திருந்தார். அவள் பிழைத்தால் தன் கையால் கோயிலுக்கு ஒரு வேலை செய்வதாக ஆண்டவரிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் பிழைத்துவிட்டார். "காசு போட்டுத் தீத்துக்கற கதை இல்லண்ணே. என் கையால ஒண்ணு செஞ்சி, அது இந்தக் கோயில்ல நிக்கணும்" என்றார்.

கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு தின்று தின்று வெடித்த கை. விரல்கள் முழுசாக மடங்காது. விளக்குக் கண்ணாடிகளைத் துடைக்கக் கொடுத்தேன். அந்த வாரம் ஒன்று உடைந்தது. மறுவாரம் இன்னொன்று. சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு என் எதிரில் வந்து நின்றார். "தோலு கீழ விழுந்தா ஒடையாதுங்கண்ணே, அந்தப் பழக்கம்" என்றார்.

காணிக்கைப் பை

சரி, காணிக்கைப் பை எடுக்கட்டும் என்று ஐயரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். உடையாத வேலை. அந்த ஞாயிறு காலையில் மாசிலாமணி பாலாற்று ஊற்றில் குளித்து, சோப்பு தேய்த்து, வேட்டி மடிப்புக் கலையாமல் வந்தார். ஆனால் தோல் ஷாப்பு வாசனை சோப்புக்கு அடங்கிப் போகிறதா என்ன? வாத்தியார் சம்சாரம் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் இருந்தவர்களும் கொண்டுபோனார்கள். தோல் விற்று மாடி வீடு கட்டினவர்கள்கூட மூக்கைப் பிடித்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மாசிலாமணி பின்னால் ஓரடி தள்ளி நின்று, கையை நீட்டிப் பையைப் பிடித்தார். அவ்வளவு தூரத்துக்குக் காசு எட்டுமா? கீழே விழுந்து உருண்டது. ஜெபத்துக்கு நடுவே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் பையை மடித்து என்னிடம் கொடுத்தார். "வாசலுக்கு வெளிய செய்யற வேலையா ஒண்ணு பாருங்கண்ணே" என்றார்.

அறுப்பின் பண்டிகை

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்து ஏலம் விடுவோம். நெல், கேழ்வரகு, பூசணிக்காய், கால் கட்டின சேவல். ஷாப்புக்காரனுக்கு அறுப்பு ஏது? மாசிலாமணி ஒரு எருமைத் தோலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆவாரம்பட்டையில் ஊறித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. கோயிலுக்கு என்று சொன்னதும் சாயபு நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். ஆரம்பத்திலிருந்து அதை மாசிலாமணி தன் கையாலேயே பதம் பண்ணியிருந்தார்.

சேவலுக்கு அடிதடி மாதிரி போட்டி. தோலுக்கு ஒரு வாய் திறக்கவில்லை. தோலிலேயே புரளுகிற ஊரில் தோலைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? நானாவது ஏலம் கேட்கலாம் என்றால் மடியில் ஒன்றும் இல்லை. ஏலம் விட்ட உபதேசியார் தோலை இப்படியும் அப்படியும் தூக்கிக் காட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார். எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் கூடச் சிரித்தார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. உபதேசியார் சொன்னது இதுதான்: "பூசணிக்காயா இருந்தா கொழம்பாவது வெக்கலாம், இத வெச்சிகினு இன்னா பண்றது?"

போகிற வழியில்

அதற்கப்புறம் தோல் வியாபாரம் படுத்துவிட்டது. மெட்ராஸில் கேட்பார் இல்லை என்று ஷாப்புகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். விடியற்கால மணியைக் கேட்டு எழுந்தவர்களுக்குப் போக இடம் இல்லை. மாசிலாமணி மனைவியைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குக் கிளம்பினார். எந்தச் சுரங்கம் என்று அவருக்கே தெரியாது. ரயிலுக்குப் போகிற வழியில் தலைமூட்டையோடு கோயில் வாசலில் நின்று, "பொருத்தனை பாக்கி இருக்குதுண்ணே. எனக்கு ஒரு எடத்த புடிச்சி வையுங்க" என்றார்.

மணி நாக்கு

எங்கள் கோயில் மணி முற்றத்தில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தொங்குகிறது. உள்ளே அடிக்கிற இரும்பை நாக்கு என்போம். அது ஒரு தோல் வாரில் தொங்கும்; அதில் கட்டின கயிற்றை இழுத்தால் மணியடிக்கும். ஒரு கல்யாணத்தன்று அந்த வார் அறுந்து, நாக்கு என் காலடியில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று முகத்தைச் சுளித்தார்கள். கடைவீதியில் வாங்கின வார் ஒரு மாதம் தாங்கவில்லை. அப்போதுதான் என் அறையில் சுருண்டு கிடந்த எருமைத் தோல் ஞாபகம் வந்தது. செருப்புத் தைக்கிற முனிசாமியிடம் கொண்டுபோனேன். கத்தியை வைத்தவர் நிறுத்தி, தோலை மடக்கி, வெட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இத பதம் பண்ணவன் யாரு? அவசரமே படாத ஆளா இருப்பான் போலகீதே" என்றார்.

அந்த வார் இன்றுவரை அறுந்துபோகவில்லை. கோலார் போகிறவர்கள் எல்லாரிடமும் மாசிலாமணியைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்து ரூத்தம்மாள் மட்டும் ஒரு உறவுக் கல்யாணத்துக்கு வந்தார். மாசிலாமணி மார்ச்சளியில் போய்விட்டார் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாளை மணிக்கு அடியில் கூட்டிப்போய், ஒரு கல்லின் மேல் ஏறி நிற்கச் சொல்லி, உள்ளே இருந்த வாரைக் காட்டினேன். எட்டித் தொட்டார். பிறகு அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தார். "கடைசி வரிக்கும், தாவீது அண்ணன் எடம் புடிச்சி வெச்சிருப்பாரு, ஆம்பூருக்குப் போவணும்னே சொல்லிகினு இருந்தாருங்க" என்றார்.

இந்த ஊரார் இன்றைக்கும் மணியடிக்கிறவன் நான்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் கயிற்றை மட்டும்தான் இழுக்கிறேன்.