மறுபடியும் புது ஆள்

நிரந்தரக் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, ஆபீஸில் நாற்காலி உண்டு. தற்காலிகக் கிராணிக்கு, நாற்காலிக்காரர் லீவில் போனால்தான் உண்டு. என் தற்காலிக இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் ஒன்றில் ஏழு வருஷம் 'டெம்பரரி'யாக டைப் அடித்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

சொந்தக் கையால்

எங்கள் ஆபீஸில் டெம்பரரி ஆளை ஆறு மாதத்துக்கொரு முறை நீக்கிவிட்டு, ஒரு நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் சம்பளம் உயர்த்த வேண்டுமே! புது ஆளுக்கு என்றைக்கும் ஆரம்பச் சம்பளம்தான். டைப் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால், என்னை நீக்கும் கடிதத்தையும் நானே அடிப்பேன்.

ஒரு தடவை துணிந்து, கடைசியில் 'மிகவும் திறமைசாலி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்தார். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இவ்வளவு கெட்டிக்காரனை ஏன் நிப்பாட்டுறம் எண்டு துரை கேட்டால் நான் என்ன சொல்லுறது? அந்த வரியை எடும்."

பெண் பார்த்த நாள்

கிள்ளானில் ஒரு மளிகைக் கடைக்காரர் மகளைப் பார்க்கப் போனேன். லீவு கேட்கப் பயந்து, நீக்கப்பட்டிருந்த அந்த ஒரு நாளையே தேர்ந்தெடுத்தது என் புத்திசாலித்தனம். பெண் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளும் கதவோரம் நின்று சிரித்தாள்.

"எங்கே வேலை?" என்றார் தகப்பனார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்னைக்கு வேலை இல்லீங்க. நாளைக்குச் சேர்ந்துடுவேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நாளைக்கே வந்திருக்கலாமே, தம்பி? சரி, வேலை நிரந்தரமாகட்டும், பேசலாம்."

காலியிடம்

கடைசியில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. விளம்பரத்தை நான்தான் அடித்தேன். பாதியில் விரல் நின்றுவிட்டது: வயது இருபத்தைந்துக்குள். எனக்கு அப்போது இருபத்தேழு. அத்தனை வருஷமும் அதே ஆபீஸில்தானே கழிந்தது!

இடம் எனக்குப் பிறகு வேலைக்கு வந்த முத்தையாவுக்குப் போயிற்று. அவனுக்கு டைப் கற்றுக்கொடுத்தவன் நான். முதல் மாதமே என்னைவிட அதிகச் சம்பளம். பெரிய கிராணியிடம் போய் நின்றேன். அவர் மெல்லச் சொன்னார்: "உமக்கு அனுபவம் கனக்க இருக்கு, தம்பி. வயசும் கனக்க இருக்கு."

விசாரணை

அடுத்த வாரம் கிள்ளான் கடைக்காரர் என்னைத் தேடி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. இங்க முத்தையான்னு ஒரு பையன் நிரந்தரமாயிருக்கானாமே, குணம் எப்படி?"

தங்கமான பையன் என்றேன். ஏழு வருஷ உத்தியோகத்தில் என் சிபாரிசு பலித்தது அந்த ஒரு தடவைதான்.